பி.ஏ. வரலாறு படித்தவரால் ஊருக்கு என்ன ஆகும்?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். கணக்கும் வரும். ஆனாலும் மதுரையில் பி.ஏ. வரலாறுதான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இன்ஜினியர் பாலம் கட்டுவார், டாக்டர் உயிரைக் காப்பாற்றுவார். வரலாறு, இலக்கியம், தத்துவம் படித்தவர்கள் ஒரு ஜனநாயக நாட்டுக்கு என்னதான் செய்து தருகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்பது அவர் கேள்வி.

வேலைவாய்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கேட்டதற்குப் பதில். "பண்பு வளரும், மனம் விரியும்" என்று பட்டமளிப்பு விழாவில் சொல்வதை இங்கே சொல்லப்போவதில்லை. கரைத்துக் குடித்த இலக்கியம் ஒருவரையும் நல்லவராக்கிவிடாது. என் வாதம் இன்னும் சாதாரணமானது. மக்களாட்சி என்பது பெரும்பாலும் காகிதத்தில் நடக்கிறது. அரசாணை, ஏல அறிவிப்பு, பதிவேடு, தீர்மானம், தீர்ப்பு, கணக்கெடுப்பு அட்டவணை என்று அரசு நம்மிடம் வந்து சேர்வது எழுத்தாகத்தான். அதை வரிவரியாக வாசித்து, யார் எழுதியது, எப்போது, எதற்காக, யாரை விட்டுவிட்டு எழுதியது என்று கேட்டு, திருப்பி எழுத்திலேயே பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது வேண்டும். அந்த வேலைக்கான பயிற்சிதான் கலைப் படிப்பு. ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால், என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டாரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2023ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது டங்ஸ்டன் உள்ளிட்ட சில முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசின் கைக்குப் போனது. 2024 நவம்பரில் "நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி" என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு முடிந்தது. அரிட்டாபட்டி அந்த எல்லைக்குள் இருந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் திரண்டு நடந்தது. ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

எல்லார் கண்ணிலும் பட்டது அந்தக் கூட்டம்தான். கூட்டம் இல்லாமல் ரத்து நடந்திருக்காது, அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. 2022 நவம்பரில் தமிழக அரசு, உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002இன் 37ஆம் பிரிவின்படி, அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.215 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு எதைக் காரணம் காட்டியது என்று பாருங்கள். சுமார் 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு, எறும்புத்தின்னி, ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள். அதோடு தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு, சமணர் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். பறவையை எண்ணிக் கொடுத்தவர்கள் இயற்கை ஆர்வலர்கள். கல்லில் இருப்பதைப் படித்துச் சொன்னவர்கள் யார்?

அரிட்டாபட்டிக் குகைத்தளத்தின் நெற்றியில் வெட்டியிருக்கும் ஒரு வரி: "நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்". நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைக் குடைவித்துக் கொடுத்தார் என்பது பொருள். புள்ளி கிடையாது, ஒற்று இரட்டிக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பழகாத கண்ணுக்கு வெறும் கீறல். பக்கத்து மாங்குளத்துக் கல்வெட்டுகளை ராபர்ட் சுவெல் பார்த்துச் சொன்னது 1882ல். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியது 1924ல். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது என்று ஐராவதம் மகாதேவன் வாசித்தது 1965ல். எண்பத்து மூன்று ஆண்டுகள்! நடுவில் எந்த ஆண்டு போய்க் கேட்டிருந்தாலும் "இதனால் என்ன லாபம்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்திருக்காது. ஒரு மலை கனிமத் தொகுதியா பாரம்பரியத் தலமா என்ற கேள்வி வந்த நாளில், அந்த வாசிப்பு ஆவணமாகிக் கையில் நின்றது.

இதற்கு முன்பு யானைமலையிலும் இதே மாதிரி நடந்தது. 2010ல் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது நரசிங்கம் ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அந்த மலையடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டுக்குரிய வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் அமைச்சர் மாறன்காரி கோயிலைக் குடைவித்ததையும், அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி முடித்ததையும் அது சொல்கிறது. மலையைத் தன்னுடையது என்று ஊர் சொல்லும்போது, எத்தனை காலமாக என்று கேட்டால் எடுத்துக்காட்ட ஒரு தேதி இருந்தது.

டங்ஸ்டன் விஷயத்தில் இன்னொரு தாளையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் வாசிப்புப் பயிற்சி எங்கே கைகொடுக்கும் என்பது அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. மொத்தத் தொகுதி 20.16 சதுர கிலோமீட்டர், அதில் பாரம்பரியத் தலம் 1.93 சதுர கிலோமீட்டர்தான், ஏறத்தாழ 10 சதவீதம். அதை விலக்கி எல்லையை மறுபரிசீலனை செய்யப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டுக்கொள்கிறோம் என்பது சாரம். கணக்கில் தப்பில்லை. வகுத்துப் பார்த்தால் 9.6 வரும். ஆனால் 193 ஹெக்டேர் என்பது 2022ல் ஓர் அரசாணைக்காகப் போட்ட கோடு. ஊரின் பழமையும் நீரோட்டமும் அந்தக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. குன்றில் விழும் மழை கோட்டுக்கு வெளியே இருக்கும் கண்மாய்க்குத்தான் போகிறது. "பத்து சதவீதத்தை விட்டுவிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்கும் வாக்கியத்தின் உள்ளே, "மீதித் தொண்ணூறில் ஒன்றுமில்லை" என்ற வாக்கியம் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறது. எழுதாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதற்கு வரலாற்று வகுப்பில் சான்றாய்வு என்று பெயர், தத்துவ வகுப்பில் உட்கோள் என்று பெயர். இரண்டும் ஒரே பழக்கம்தான்.

போராட்டம் எல்லா நாளும் வராது. அன்றாட மக்களாட்சிக்கு வருவோம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பும் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்கவேண்டும். இதெல்லாம் இருந்தும் பல தீர்மானங்கள் ஏன் குப்பைக்குப் போகின்றன? தீர்மானம் எழுதும் விதத்தில்தான் கோளாறு. "எங்கள் ஊர்க் கண்மாயைச் சீரமைத்துத் தரும்படி இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது" என்று எழுதினால் எந்த அலுவலகமும் அதை வைத்து ஒரு கோப்புகூடத் திறக்காது. எந்தக் கண்மாய், புல எண் என்ன, 'அ' பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) பரப்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு ஆக்கிரமிப்பில், பராமரிப்பு பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, எதை எந்தத் தேதிக்குள் செய்யவேண்டும் என்று எழுதினால் ஒருவராவது பதில் சொல்லியாகவேண்டும். இன்னொரு கோளாறு, கூட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபின் தீர்மானப் புத்தகத்தை நிரப்புவது. எழுதியதை அங்கேயே சத்தமாக வாசிக்கச் சொல்லி, அதன் கீழே கோடு போட்டு முடித்த பிறகு கையெழுத்துப் போடவேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

தகவல் உரிமைச் சட்டத்திலும் இதே கதை. "எங்கள் கண்மாயை ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டு மனுப் போடுகிறார்கள். சட்டம் தருவது அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை. ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் எழுதித்தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. மனு ஒரு வரியில் திரும்பிவிடும். அதையே, "2023-24, 2024-25 நிதியாண்டுகளில் இந்தப் புல எண்ணில் உள்ள கண்மாய்க்கு ஒதுக்கிய தொகை, வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பட்டியல் தொகை வழங்கிய நாள்" என்று கேளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குமேல் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் சாட்சி சொல்லும் என்று கணிப்பது வரலாற்று மாணவர் முதல் ஆண்டிலேயே பழகவேண்டிய வேலை. ஆவணக் காப்பகத்தில் போய் "பஞ்சம் ஏன் வந்தது?" என்று கேட்டால் எதுவும் கிடைக்காது, மழைப் பதிவேடு, நெல் விலை, வரி தள்ளுபடிக் கோப்பு என்று கேட்டால் கட்டுக்கட்டாக வரும்.

மொழிபெயர்ப்பும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. பெரிய திட்டங்களுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் 30 நாள் அறிவிப்பு தரவேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. சுருக்கம்தான் தமிழில், முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. சுருக்கத்தில் எது விடுபட்டது என்று மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல இரண்டு மொழியிலும் தரையில் கால் பாவியவர் வேண்டும். கணினியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்றால், தரட்டும். "ஷல்" என்றும் "மே" என்றும் ஆங்கிலச் சட்டத்தில் வரும் இரண்டையும் அது ஒரே "வேண்டும்" ஆக்கிவிட்டால், கட்டாயம் எது, விருப்பம் எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

இனி பெருமைப் பேச்சுக்கு வருகிறேன். இங்கே கலைப் படிப்பு வேகத்தடை மாதிரி வேலை செய்யவேண்டும், மக்களுக்குப் பிடிக்காத வேலை அது. கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. ஒன்றியத் தொல்லியல் துறை 2014-15ல் தொடங்கிய அகழாய்வை நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை நடத்தியது. அங்கே கிடைத்த ஒரு கரிம மாதிரி கி.மு. 580 என்று காலம் காட்டியது 2019ல் வெளியானதும் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு ஆயிரம் ஆண்டைக் கூட்டி அனுப்பினார்கள். தெரிந்துகொள்ளவேண்டியது இவ்வளவுதான். அந்த மாதிரி எடுத்த ஆழம் 353 சென்டிமீட்டர். ஆய்வகம் சொன்னது அந்தக் கரித்துண்டின் வயதை. அங்கேயே 200 சென்டிமீட்டரில் எடுத்த இன்னொரு மாதிரி கி.மு. 205 என்று வந்தது. எழுத்துப் பொறித்த பானை ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, அந்த அடுக்கு கலையாமல் இருந்ததா என்று பார்த்தபிறகுதான் கரித்துண்டின் வயதை ஓட்டுக்குக் கொண்டுபோக முடியும். கரிமத்தை அளப்பது இயற்பியல்; அடுக்கையும் எழுத்தையும் படிப்பது தொல்லியல். ஒன்றில்லாமல் மற்றது நொண்டும். அரசியலமைப்பின் 51அ பிரிவு, 1976ல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில், அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் ஒரே உட்பிரிவில் வைத்திருக்கிறது. ஆர்ட்ஸா சயின்ஸா என்று சண்டை போடுகிறவர்கள் அதை ஒருமுறை பார்க்கலாம்.

பழைய கிராம ஆட்சியைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். உத்திரமேரூர்க் குடவோலை என்றாலே மேடையில் கைதட்டல். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), வயது 35க்கு மேல் 70க்குள், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது. அந்தக் கடைசி விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் பல ஊராட்சிகளில் வேட்பாளரே கிடைக்கமாட்டார் என்பது வேறு விஷயம். நம் பாண்டிய நாட்டில் அதற்கும் நூறாண்டு முந்தியது மானூர்க் கல்வெட்டு. சபையில் வந்த ஒவ்வொன்றுக்கும் வேண்டுமென்றே மறுப்புச் சொல்லி முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். கல்வெட்டை முழுக்க வாசித்தால் அந்தச் சபை பிராமணர் ஊர்ச் சபை என்பதும், உறுப்பினராக நிலமும் வேதப் பயிற்சியும் கேட்டார்கள் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. பெண்ணுக்கோ, உழுதவருக்கோ அங்கே ஓலை இல்லை. "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஜனநாயகம்" என்பவரும் "எல்லாம் பொய்" என்பவரும் பாதிக் கல்லைத்தான் படிக்கிறார்கள். முழுக் கல்லையும் படித்தால் கிடைப்பது: தணிக்கை, தகுதியிழப்பு, அவை ஒழுங்கு ஆகிய யோசனைகள் இங்கே பழையவை, எல்லாரும் சமம் என்ற யோசனை புதியது, 1950இல் சட்டமானது.

கலைப் படிப்பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். மனிதர்களைப் பற்றிய அறிவு அதிகாரத்தின் கையில் ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்து, கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்கவைத்த சட்டம். நம் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். அந்தக் காலத்தில்தான் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளின் மூக்கையும் மண்டையையும் அளந்து ஏழு தொகுதி வெளியிட்டார். ஒரு கூட்டத்துக்கு இதுதான் குணம் என்று எழுதி அச்சிடுவது அன்றைய புலமைக்கு இயல்பாக இருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947ல் நீங்கியது. அந்தச் சட்டத்தில் அடங்கியிருந்த சமூகங்களுக்குச் சாதிச் சான்றிதழில் எந்தப் பெயர் போடுவது என்ற தகராறு அதற்கு 70 ஆண்டு கழித்தும் ஓயவில்லை. 2019ல் மாநிலச் சலுகைக்கு ஒரு பெயரும் ஒன்றியச் சலுகைக்கு வேறு பெயருமாக இரட்டைச் சான்றிதழ் முறை வந்தது.

இதில் மாணவர் கற்கவேண்டியது என்ன? அரசாங்கக் குறிப்பில் "கும்பல்" என்று இருக்கும் இடத்தில் பெருங்காமநல்லூர் நினைவுத் தூணில் பதினாறு பெயர்கள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். காவல்துறை அறிக்கையை நம்பாதே என்பதல்ல பாடம். அதில் நாள், நேரம், எத்தனை காவலர், யார் உத்தரவு என்பதெல்லாம் இருக்கும், வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதை எழுதியவர் தன் செயலை நியாயப்படுத்த எழுதியவர் என்பதை மறக்கக்கூடாது. வாய்மொழி வரலாற்றுக்கும் அதே சோதனை உண்டு. மூன்றாம் தலைமுறைப் பேரன் சொல்வதில் பின்னால் மேடையில் கேட்டது கலந்திருக்கும். அதனால் ஒருவரிடம் கேட்டதை, அவரோடு ஒட்டுறவில்லாத இன்னொருவரிடம் கேட்டு ஒத்துப்பார்க்கவேண்டும். பேசியவர் பெயர், வயது, நாள், இடம், சம்மதம் ஐந்தையும் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கிவிடவேண்டும். இன்றைக்கு ஒரு சாதியைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ "அவனுக இப்படித்தான்" என்று வரும் செய்தியைக் கண்டு உடம்பு கூசுகிற ஒரு தலைமுறை வேண்டுமென்றால், அந்த வாக்கியம் ஒருமுறை சட்டமானபோது என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சட்டம் எழுதியாகிவிட்டால் மக்களாட்சி வந்துவிடுமா என்பதற்கும் மதுரை மாவட்டத்திலேயே பதில் கிடைக்கும். ஊராட்சிகளுக்கான அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் வந்தது, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வந்தது, 1996ல் தேர்தல் வந்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டு தலைவர் பதவி நிலைக்கவில்லை. மனுத் தாக்கல் இல்லை, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடனிருந்த ஆறு பேரும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வாக்குப்பெட்டி, தேர்தல் அலுவலர், அரசிதழ் அறிவிப்பு எல்லாம் சரியாகவே இருந்தன. 2006 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் ஊர்களில் உட்கார்ந்து பேசிப்பேசித்தான் பாப்பாபட்டி முதலான அந்த மூன்று இடங்களில் தேர்தலை முடித்தது. அந்தப் பேச்சில் உட்காருகிற அதிகாரிக்குப் பிரிவு எண்கள் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஊரில் கோயில் முதல் மரியாதை யாருக்கு, பல ஊர்கள் சேர்ந்த 'நாடு' என்ற அமைப்பு எப்படி, நிலம் யார் பேரில், கூலி யார் கையில், ஊராட்சித் தலைவர் நாற்காலி எந்த மரியாதையைத் தட்டிப் பறிப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள், எதிர்த்தரப்பில் பயம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். இது சமூகவியலும் வரலாறும். ஒதுக்கப்பட்டவர்களே தங்கள் வாழ்க்கையை எழுதிய இலக்கியத்தையும் படித்திருந்தால், கூட்டத்தில் வாய் திறக்காமல் சுவரோரம் நிற்கிறவர் ஏன் திறக்கவில்லை என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான், நாவல் படித்துவிட்டு எல்லாம் புரிந்துவிட்டது என்கிறவர் ஆபத்தானவர்.

இவ்வளவும் சொன்னபின் கசப்பான ஒன்று. மேலே சொன்ன எதுவும் பி.ஏ. வகுப்பில் தானாக வந்துவிடாது. பல கல்லூரிகளில் நடப்பது நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம், பத்து மதிப்பெண்ணுக்கு மூன்று பக்கம், கடைசி வாரம் பழைய வினாத்தாள். மூன்று ஆண்டில் ஒரு மூல ஆவணத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் வரலாற்றுப் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டத்தைப் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வது முழுக்க நியாயம். ஆகவே கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறையில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் களப்பயணத்தில் தாங்களே கல்வெட்டின் மேல் தாளை ஒற்றிப் படி எடுக்கிறார்களா, மூன்றாம் ஆண்டில் செய்யும் திட்டக் கட்டுரை எதையாவது காட்ட முடியுமா, நூலகம் மாலை எத்தனை மணி வரை. கட்டுரையில் அடிக்குறிப்புகள் இணையத்திலிருந்து மட்டுமே இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கல்லூரி எதுவானாலும் மகள் தானாகச் செய்யக்கூடியது நிறைய. மாதம் ஒரு மூல ஆவணம் என்று வைத்துக்கொள்ளட்டும்: ஒரு கல்வெட்டு, ஓர் அரசாணை, ஒரு தீர்ப்பு, ஒரு கணக்கெடுப்பு அட்டவணை என்று சுற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் சுருக்கம், அடுத்த பக்கத்தில் அதில் இல்லாதது என்ன என்ற குறிப்பு. அரசாணை என்றால் மேலே "படிக்கப்பட்டவை" என்று முந்தைய ஆணைகளின் பட்டியல் இருக்கும். எல்லாரும் தாண்டிப் போகும் பகுதி அது. கதை அங்கேதான் தொடங்குகிறது, ஒவ்வொன்றையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது, உலகத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டி, மாங்குளம் எல்லாம் நகரப் பேருந்து தூரம். வட்டெழுத்தைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட வாய்ப்பான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

வேலை. வெறும் பி.ஏ.வுக்கு வேலை கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம், அது ஒரு வாசல் மட்டும். மூன்றாண்டு சட்டப் படிப்பு ஒரு வழி, மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது; நிலம், கோயில், நீர்நிலை வழக்குகளில் பழைய பதிவேடு படிக்கத் தெரிந்த வக்கீலுக்கு மதுரைக் கிளையில் பஞ்சமில்லாத வேலை. எம்.ஏ. தொல்லியலோ கல்வெட்டியலோ படித்து அகழாய்வுப் பணிக்குப் போகலாம். பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு, முதுகலை முடித்து நெட் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள் என்று வழக்கமான பாதைகளும் உண்டு. குரூப் தேர்வில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றத் தாளைத் திருத்துவார்கள், ஆகவே தமிழைச் சும்மா வரும் என்று விடவேண்டாம். பட்டத்தோடு கூடவே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு, எக்செல், ஆங்கிலத்தில் தீர்ப்பு படிக்கும் பழக்கம் மூன்றையும் சேர்த்துக்கொண்டால் கை ஓங்கும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்தவுடன் அதற்கான அலுவலரிடம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும்.